இடது கட்டைவிரலைக் கேளுங்கள்

கோரா என்ற நரம்பிசைக் கருவியை வாசிப்பவருக்கு நான்கு விரல்களில்தான் வேலை: இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டி விரல். மற்றவை கருவியைப் பிடித்துக்கொள்ளும். பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக அறுத்து, மாட்டுத்தோல் போர்த்தி, நீண்ட மரத்தண்டைச் செருகி, 21 நரம்புகளை இரண்டு வரிசையாகக் கட்டியிருப்பார்கள். இடப்பக்கம் 11, வலப்பக்கம் 10. முன்பு தோலை முறுக்கிச் செய்த நரம்பு. இப்போது நைலான் தூண்டில் நரம்பு. மேற்கு ஆப்பிரிக்காவின் மாந்தே மக்களிடையே இதை வாசிப்பது ஜெலி குடும்பங்களின் பரம்பரை உரிமை. பாட்டு மட்டுமல்ல, வம்ச வரலாற்றை நினைவில் வைப்பதும் சண்டையைத் தீர்த்துவைப்பதும் ஜெலியின் கடமை.

சுழன்றுகொண்டே இருக்கும் அடிப்படைச் சுற்றுக்குக் கும்பெங்கோ என்று பெயர். அதை உடைத்துக்கொண்டு அருவிபோல் கொட்டும் துரித வரிசை பிரிமிந்திங்கோ. புதிதாகக் கேட்பவர்கள் பிரிமிந்திங்கோவில்தான் மயங்குவார்கள். என் மனம் கும்பெங்கோவின் பக்கம். நல்ல கலைஞர் கையில் அந்தச் சுற்று இரண்டு முறை ஒரே மாதிரி வருவதில்லை. இடது கட்டைவிரல் ஒரு சுரத்தை இம்மி தாமதிக்கும், அடுத்த சுற்றில் அதையே விட்டுவிடும். வீணை கேட்டுப் பழகிய காது இதில் கமகத்தைத் தேடினால் ஏமாறும். இங்கே அழகு சுரத்தை வளைப்பதில் இல்லை, சுரங்களுக்கு நடுவே விடும் இடைவெளியில் இருக்கிறது.

இதை உணர ஓர் இசைத்தட்டு போதும்: 'நியூ ஏன்ஷியன்ட் ஸ்ட்ரிங்ஸ்'. 1997-இல் மாலியின் தலைநகர் பமாக்கோவில் பதிவாகி 1999-இல் வெளிவந்தது. துமானி ஜபாத்தே, பலாக்கே சிஸ்ஸோகோ என்ற இருவரின் கோராக்கள் மட்டுமே. இவர்களுடைய தந்தையர் சிதிகி ஜபாத்தேயும் ஜெலிமாதி சிஸ்ஸோகோவும் பங்கேற்ற 1970-ஆம் ஆண்டு கோரா இசைத்தட்டுக்குப் பிள்ளைகள் செய்த மரியாதை அது. ஒருவர் ஓடும்போது மற்றவர் கும்பெங்கோவில் நின்று அவரைத் தாங்குகிறார். பிறகு, சொல்லாமலே, இடம் மாறிக்கொள்கிறார்கள். போட்டியின் வாடையே இல்லை. அலி ஃபர்கா தூரேயின் கிட்டாருடன் துமானி வாசித்த 'இன் தி ஹார்ட் ஆஃப் தி மூன்' (2005) கிராமி விருது பெற்றது. நைஜர் நதிக்கரையில் ஒரு ஹோட்டலில் பதிவானது. மிக அழகானதுதான், ஆனால் நான் முதலிடம் தருவது அந்த இரட்டைக் கோராவுக்கே.

ஒலிப்பதிவு மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஜெலி யார் என்று தெரியாமல் கேட்டால் கோரா வெறும் இனிமையாகச் சுருங்கிவிடும். உணவகங்களில் பின்னணிக்கு ஓடவிடுகிறார்களே, அந்த அநீதி அப்படித்தான் நேர்கிறது. கினி நாட்டு வரலாற்றாசிரியர் ஜிப்ரில் தம்சிர் நியான், மாமாது குயாத்தே என்ற ஜெலி சொல்லக் கேட்டு, 13-ஆம் நூற்றாண்டு மன்னன் சுந்தியாத்தாவின் கதையை 1960-இல் பிரெஞ்சில் நூலாக்கினார். மன்னன் அருகில் அவனுடைய நினைவாகவே நிற்கும் பல்லா ஃபசேகே என்ற ஜெலியை அதில் சந்தித்தபின் கோராவின் ஒலி கனத்துக் கேட்கும். அந்த உலகத்துக்குள் பயணிக்க, அமெரிக்க கிட்டார் கலைஞர் பேனிங் அயர் எழுதிய 'இன் க்ரியோ டைம்' (2000). பமாக்கோவில் ஜெலிமாதி துங்காரா என்ற கிட்டார் மேதையின் வீட்டில் ஏழு மாதம் தங்கிக் கற்றவர் அவர். தெருவை அடைத்துப் பந்தல் போட்ட கல்யாணங்களில், புகழ்ந்து பாடும் பெண்களின் கையில் பணம் பொழிவதை அதில் காணலாம். இந்த இசை வாழும் இடம் அது.

பெரும்பாலும் ஆண்களே வாசித்துவந்த இந்தக் கருவியை, காம்பியாவின் ஜெலி மரபில் வந்த பெண் கலைஞர் சோனா ஜோபார்டே மேடையேற்றியிருக்கிறார். துமானி 2024 ஜூலையில், 58 வயதில் மறைந்தார். அவருடைய வாசிப்பைக் கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். கீழ்ச்சுரங்கள் அதில் செத்துப்போகும். நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொண்டு, முதல் முறை இடது கட்டைவிரலை மட்டும் பின்தொடருங்கள்.