தோற்றால் என்ன மிஞ்சும்?

சின்ன ஜெனரேட்டரைப் பிரிப்பவருக்கு ஸ்டேட்டர் கழன்று வரும்வரை எல்லாம் சுலபம். ரோட்டாரின் நடுவே ஓடும் நீளப் போல்ட்டையும் உருவியாயிற்று. பிடித்துவைக்க இனி எதுவும் இல்லை. ஆனாலும் ரோட்டார் அசையாது.

காரணம் டேப்பர். கிராங்க் முனை கூம்பாகக் கடைந்திருக்கும். ரோட்டாரின் உட்குழியும் அதே கூம்பு. கீ எதுவும் கிடையாது. பல சின்ன இன்ஜின்களில் இந்தச் சரிவு அடிக்கு இரண்டேகால் அங்குலம். ஒரு பக்கச் சாய்வு ஏறக்குறைய 5.4 பாகை. எஃகும் எஃகும் உரசும்போது உராய்வுக் கெழுவை 0.15 என்று கொண்டால், எட்டரைப் பாகைக்குக் குறைந்த எந்தச் சாய்வும் தானாக வழுக்காது. அதாவது போல்ட் உள்ளே இழுத்து உட்காரவைக்கிறது. உட்கார்ந்தபின் கவ்வுவது கூம்பு. ஒற்றை சிலிண்டரின் உதறலில் இரண்டு பரப்பும் தேய்ந்து செந்தூள் கக்கியிருந்தால் பிடி இன்னும் இறுகும். டீசல் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைப்பது மனத்திருப்திக்குத்தான். கூம்பின் விளிம்போடு எண்ணெய் நின்றுவிடும்.

கழற்ற ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எது சீக்கிரம் கழற்றும் என்று பார்த்தே எல்லோரும் தேர்வு செய்கிறார்கள். அந்த வழி தோற்றுப்போனால் மிஷின் என்ன நிலைமையில் இருக்கும் என்று பார்ப்பதே சரி என்பேன்.

அந்தக் கணக்கில் முதலில் விழுவது நெம்புகோல். ரோட்டாருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இரண்டு பக்கமும் கடப்பாரை கொடுத்து நெம்பினால், தாங்குவது அலுமினிய வார்ப்பு. அது வளையாது, விரிசல் விடும். அடுத்தது காஸ் டார்ச். 25 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குழி 100 பாகை சூடேறினால் 0.03 மி.மீ. விரியும். அது போதும்தான், ஆனால் உள்ளிருக்கும் கிராங்க் குளிர்ச்சியாகவே இருந்தால் மட்டும். அருகிலேயே ஆயில் சீல், பல மாடல்களில் பிளாஸ்டிக் விசிறி, மேலே வார்னிஷ் பூசிய வைண்டிங். எஃப் வகை இன்சுலேஷனின் எல்லையே 155 பாகைதான். டார்ச் பிடிக்கிற கைக்கு அந்த எல்லை தெரியாது.

சுத்தியலை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. போல்ட்டை முழுதும் எடுக்காமல் நாலு சுற்று தளர்த்திவிட்டு, செம்புச் சுத்தியலால் ரோட்டாரின் இரும்புத் தகடுகள் மேல் எதிரெதிர்ப் பக்கமாகத் தட்டினால், புதிதாக உட்கார்ந்த கூம்பு விட்டுவிடுவதுண்டு. தளர்ந்த போல்ட் ரோட்டார் காலில் விழாமல் காக்கும். அந்த முறைக்கு அத்தனைதான் எல்லை. நாலு அடியில் வராதது நாற்பதில் வருவதற்குள் கிராங்க் வளைந்திருக்கும். பட்டறைகளில் நடப்பது பெரும்பாலும் நாற்பது.

மீதி இரண்டு வழிக்கும் ரோட்டாரின் வெளிமுனைத் துளையில் மரை வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிக்கொள்ளலாம், தூள் உள்ளே விழாமல் இருக்க மரை வெட்டும் டேப்பில் கிரீஸ் தடவிக்கொள்ள வேண்டும். துளை பெரிதாகிவிடுமே என்று தயங்க வேண்டாம், திரும்பப் பூட்டும்போது வாஷரைத் தடிப்பாகப் போட்டால் சரி.

முதல் வழி: பழைய போல்ட் ஒன்றை அறுத்து, அறுத்த முனையில் ஹாக்ஸாவால் ஒரு கீறல் போட்டு, கிராங்கின் மரையில் ஏற்றிவிடுவது. வெளியே தடித்த போல்ட்டை ரோட்டாரில் முறுக்கினால் அது உள்துண்டைத் தள்ளும். 12 மி.மீ. போல்ட்டில் 40 நியூட்டன் மீட்டர் முறுக்குக்கு ஏறக்குறைய 1,700 கிலோ தள்ளுவிசை கிடைக்கும். கீறல் எதற்கு என்றால், வேலை முடிந்தபின் ஸ்குரூடிரைவரால் துண்டை எடுக்க. இது தோற்றால் துண்டின் தலை நசுங்கி, கிராங்க் மரையும் சேர்ந்து போகலாம்.

இரண்டாவது: உள்துண்டே வேண்டாம். குழி முழுக்க காற்றில்லாமல் கிரீஸை அடைத்து, டெஃப்லான் டேப் சுற்றிய போல்ட்டை இறுக்குவது. இங்கே பாஸ்கல் விதி வேலை செய்கிறது. போல்ட் 10 மி.மீ., அழுத்தம் படும் கிராங்க் முனை 20 மி.மீ. என்றால் விசை நாலு மடங்காகும். பெரிய பேரிங்குகளைக் கழற்ற எஸ்.கே.எஃப். நிறுவனம் 1940-களில் கொண்டுவந்த எண்ணெய் அழுத்த முறைக்கு இது ஏழைச் சொந்தம். காற்று தங்கினால் ஆபத்து. அமுங்கிய காற்று விடுபடும்போது ரோட்டார் பாயும். திரவம் மட்டும் இருந்தால் டக் என்று ஒரு சத்தம், அழுத்தம் அத்தோடு செத்துவிடும். கண்ணாடி மாட்டாமல் இதைச் செய்யக் கூடாது.

குறை உண்டு. துரு தின்று கீறல் விழுந்த கூம்பில் கிரீஸ் கசிந்து அழுத்தமே ஏறாது. மிக அவசியமான இடத்தில்தான் கைவிடும் என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. கேலி நியாயமே. ஆனால் கசிந்த கிரீஸ் போவது கூம்புக்குள். டீசலால் நுழைய முடியாத இடத்தில் அது அழுத்தத்தோடு நுழைகிறது. தோற்றாலும் அடுத்த முயற்சிக்கு வழி செய்துவிட்டே தோற்கிறது, துடைப்பதுதான் செலவு. ஆகவே நாலு தட்டுக்குப் பிறகு கிரீஸ், அதற்கும் மசியாவிட்டால் உள்துண்டு என்பதே என் வரிசை. நெம்புகோலுக்கும் டார்ச்சுக்கும் அதில் இடமில்லை, ரோட்டாரைப் பழைய இரும்புக்கு எடைபோட முடிவு செய்துவிட்டாலொழிய.