தாழ்சுரம் அவைக்குக் கேட்க: சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டி.ஐ. இரண்டாம் பதிப்பு

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தியான ஈ, எங்கும் அழுத்தப்படாமல் மீட்டப்படும்போது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஐந்து தந்திக் கருவியில் கூடுதலாக வரும் பி தந்தியின் அதிர்வெண் 31 ஹெர்ட்ஸ் மட்டுமே. உணவக மேடைக்கும் கல்லூரி அரங்குக்கும் ஒருவரே தூக்கிச் செல்லக்கூடிய சிறிய ஸ்பீக்கர் பெட்டிகள் பெரும்பாலும் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே விரைவாக வலுவிழந்துவிடுவதால், அந்த அடிப்படை அதிர்வு அவையோரின் காதை முழு வலிமையோடு எட்டுவதில்லை. ஆயினும் சுரம் கேட்கிறது. ஏனெனில் தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிரும்போதே அதன் மடங்குகளான 82, 123, 164 ஹெர்ட்ஸிலும் அதிர்கிறது, சீரிசைகள் எனப்படும் இம்மடங்குகளைக் கொண்டே மூளை குறைபட்ட அடிப்படைச் சுரத்தை நிரப்பிக்கொள்கிறது. தாழ்ந்த அதிர்வெண்களுக்கு மனிதக் காது மந்தமானது என்பதையும், ஒலி மெலியும்போது அம்மந்தம் மேலும் கூடுகிறது என்பதையும் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே மேடைக்கென ஆம்பும் பெடலும் தேர்ந்தெடுக்கும் பேஸ் கலைஞர், எத்தனை வாட் வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், தம் கருவியின் சீரிசைகளை எந்த வழியில் அவைக்குக் கொண்டு சேர்ப்பது என்று கேட்பதே பொருத்தம். டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டி.ஐ. என்ற சிறு பெடலின் இரண்டாம் பதிப்பு, இக்கேள்விக்கு நேரடியாக விடை சொல்லும் கருவிகளுள் ஒன்று.

வாட் பற்றிய மயக்கத்திற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஆம்பெக் நிறுவனம் 1969இல் கொண்டுவந்த எஸ்.வி.டி. என்னும் வால்வு ஆம்ப் 300 வாட் திறனும், பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு அடங்கிய பெட்டியும் கொண்டிருந்தது. பெரிய அரங்குகளில் பேஸ் ஒலி பாடகருக்கும் முரசுக்கும் நிகராக எழுந்தது அதன் வழியாகத்தான். அத்தகைய எட்டு ஸ்பீக்கர் பெட்டி ஒன்றே அறுபது கிலோவைத் தாண்டும் என்பதால், அதைச் சுமக்க இரண்டு பேரும் ஒரு வேனும் தேவைப்பட்டன. மின்னோட்டத்தை மிக வேகமாகத் திறந்தும் மூடியும் பெருக்குகிற, வெப்பமாக வீணாவது குறைந்த கிளாஸ் டி முறை பரவியபின், மூன்று கிலோவுக்கும் குறைவான பெட்டியில் 500 வாட் கிடைக்கத் தொடங்கியது. ஆனால் அந்த 500 என்ற எண், ஸ்பீக்கரின் மின்னெதிர்ப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை, 4 ஓம் ஆக இருக்கும்போது மட்டுமே உண்மையாகும். சந்தையில் மிகுதியாகக் கிடைக்கும் 8 ஓம் பெட்டி ஒன்றை மட்டும் இணைத்தால் அதே ஆம்ப் ஏறத்தாழ 300 வாட்தான் தரும். அந்த இழப்பும் அஞ்சத்தக்கதன்று. திறன் இருமடங்கானால்கூட ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும் என்பதால், 300க்கும் 500க்கும் இடையிலான வேறுபாடு இரண்டு டெசிபலைச் சற்றே கடக்கிறது. கூட்டம் நிறைந்த அரங்கில் அதைப் பலர் உணரவே மாட்டார்கள். இரண்டாவது 8 ஓம் பெட்டி ஒன்றைச் சேர்த்தாலோ, ஆம்பின் முழுத் திறன் வெளிப்படுவதோடு காற்றைத் தள்ளும் கூம்புப் பரப்பும் இரட்டிப்பதால், தாழ்சுரங்களில் ஐந்து டெசிபல் அளவுக்கு உயர்வு கிடைக்கிறது. பெரிய ஆம்புக்குச் செலவிடும் பணத்தை இரண்டாம் பெட்டிக்குச் செலவிடுவது நல்லது என்று அனுபவமிக்க கலைஞர்கள் சொல்வதன் அடிப்படை இதுவே.

எனினும் ஐம்பது பேருக்கு மேற்பட்ட அவையில், மேடையிலுள்ள ஆம்ப் பெரும்பாலும் வாசிப்பவரின் காதுக்காகவே ஒலிக்கிறது. அவையோர் கேட்பது மிக்ஸர் வழியாகச் சென்று அரங்கின் ஸ்பீக்கர்களில் எழும் ஒலியை. அங்கே பேஸ் சென்று சேரும் வாசல் டி.ஐ. பெட்டி. கிட்டாரிலிருந்து வரும் உயர் மின்னெதிர்ப்புச் சமிக்ஞை நீண்ட கேபிளில் இரைச்சலை ஏற்று மேல் அதிர்வெண்களை இழந்துவிடும் இயல்புடையது. அதைத் தாழ்ந்த மின்னெதிர்ப்புள்ள, இரைச்சலை இரு கம்பிகளுக்கிடையே கழித்துவிடும் சமநிலைச் சமிக்ஞையாக மாற்றி, மைக் கேபிளில் அனுப்புவதே டி.ஐ.யின் வேலை. வெறும் டி.ஐ. தூய்மையானது, ஆனால் வெறுமையானது. வால்வு ஆம்பும் ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலிக்குத் தரும் தடிமனும், உச்சத்தில் வரும் இலேசான கரகரப்பும் அதில் இருப்பதில்லை. ஆண்ட்ரூ பார்ட்டா உருவாக்கி 1989இல் வெளிவந்த முதல் சான்ஸ்ஆம்ப், இந்தக் குறையை எண்கணினியின் துணையின்றி, முழுவதும் அனலாக் மின்சுற்றால் நிரப்ப முயன்றது. பேஸ் டிரைவர் அதன் தாழ்சுர வாரிசு. ரஷ் என்ற ராக் குழுவின் பேஸ் கலைஞர் கெடி லீ 2002 சுற்றுப்பயணத்தில் பேஸ் ஒலியை நேரடியாக மிக்ஸருக்கு அனுப்பிவிட்டு, வழக்கமாகப் பெட்டிகள் அடுக்கப்படும் இடத்தில் துணி உலர்த்தும் இயந்திரங்களை நிறுத்திவைத்திருந்தார். சான்ஸ்ஆம்ப் கருவிகளை நெடுங்காலம் பயன்படுத்திவருபவர்களுள் அவர் ஒருவர்.

பெடலின் முதல் பதிப்பு உலகெங்கும் பரவியபோதிலும், அதில் தாழ்வுக்கும் உச்சத்துக்கும் குமிழ்கள் இருந்தனவே தவிர நடு அதிர்வெண்களுக்குக் குமிழ் இல்லை. போதாக்குறைக்கு அதன் மின்சுற்று நடுப்பகுதியை இயல்பாகவே சற்றுக் குழியச் செய்தது. தனியறையில் வாசிக்கும்போது அந்தக் குழிவு அகலமாகவும் இனிமையாகவும் கேட்கும். இரண்டு கிட்டார்களும் கீபோர்டும் முரசும் சேர்ந்தவுடன் பேஸ் கரைந்து, எந்தச் சுரம் வாசிக்கப்படுகிறது என்றே புலப்படாமல் போகும். அவையோரின் காது நம்பியிருக்கும் சீரிசைகள் குடியிருப்பது துல்லியமாக அந்த நடுப்பகுதியில்தான். இரண்டாம் பதிப்பில் சேர்க்கப்பட்ட நடுக்குமிழும், அதன் மையத்தை 500 அல்லது 1000 ஹெர்ட்ஸில் நிறுத்தும் பொத்தானும் சிறிய திருத்தங்களாகத் தோன்றினாலும், கருவியின் பயன்பாட்டையே மாற்றியிருக்கின்றன. விரலால் வாசிப்பவருக்கு 500 ஹெர்ட்ஸை மிதமாக உயர்த்தினால் சுரத்தின் உடல் திரண்டு வருகிறது. பிக் கொண்டு வாசிப்பவருக்கும், கட்டைவிரலால் தந்தியைத் தட்டும் ஸ்லாப் பாணியினருக்கும் 1000 ஹெர்ட்ஸ் தெளிவைக் கூட்டுகிறது. தாழ்வுக் குமிழின் மையத்தையும் 40 அல்லது 80 ஹெர்ட்ஸாக மாற்றலாம். இதில் 40 ஹெர்ட்ஸ் கவர்ச்சியானது, ஆனால் பெரிய சப்வூஃபர்கள் உள்ள அரங்குக்கே உரியது. சிறிய பெட்டியில் அதை உயர்த்தினால், கேட்கவே கேட்காத அதிர்வுக்காகக் கூம்பு முன்னும் பின்னும் அலைந்து ஆம்பின் திறன் வீணாகிறது. அங்கே 80 ஹெர்ட்ஸே தக்கது.

டிரைவ் குமிழ் வால்வு ஆம்பைத் திணறடிக்கும்போது எழும் கரகரப்பைத் தருகிறது. அலையின் முகடுகள் வெட்டுப்படும்போது புதிய சீரிசைகள் பிறப்பதால், கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரில்கூடப் பேஸ் கேட்கத் தொடங்கும். அளவு மிஞ்சினால் அடிச்சுரம் தட்டையாகிவிடும் ஆபத்தும் உண்டு. அதற்கு மருந்தாக அமைந்த பிளெண்ட் குமிழ், கிட்டாரின் தூய ஒலியையும் மின்சுற்றின் ஒலியையும் விருப்பப்படி கலக்கிறது. பாதிக்குச் சற்றுமேல் பிளெண்ட், கால்வாசிக்கு மேற்படாத டிரைவ் என்ற நிலையில்தான் இந்தப் பெடல் மிக அழகாக ஒலிக்கிறது. பிளெண்டை முழுதும் திருப்பியவுடன், எந்தக் கிட்டாரைச் செருகினாலும் ஒரே குரலில் பேசத் தொடங்குகிறது. பிளெண்டை அடியோடு குறைத்தால் டிரைவும், மேல் அதிர்வெண்களின் கூர்மையைக் கூட்டும் பிரசென்ஸ் குமிழும் செயலிழந்துவிடும் என்பதை அறியாத புதியவர், குமிழ் பழுதென்று எண்ணக்கூடும்.

மேடையில் இணைக்கும் முறைக்குத் தனிக் கவனம் வேண்டும். பெடலில் மிக்ஸருக்கான எக்ஸ்.எல்.ஆர். வெளிவாயும், ஆம்புக்கான சாதாரண வெளிவாயும், மாற்றம் எதுவும் படியாத தூய ஒலியை அப்படியே தரும் இணைவாயும் உள்ளன. சாதாரண வெளிவாயிலிருந்து ஆம்பின் முன்வாயில் செருகினால், ஏற்கெனவே ஆம்ப்போல் வடிக்கப்பட்ட ஒலி இன்னொரு முறை வடிக்கப்பட்டு மந்தமாகும்; ஆம்பின் பின்புறமுள்ள எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் வாயில் செருகினால் அத்தொல்லை இல்லை. இணைவாயிலிருந்து ஆம்புக்கும், எக்ஸ்.எல்.ஆர். வழியாக மிக்ஸருக்கும் அனுப்புவது இவ்விரண்டினும் சிறந்தது. வாசிப்பவர் மேடையின் அதிர்வுக்கேற்ப ஆம்பின் குமிழ்களை எவ்வளவு திருகினாலும், சவுண்ட் இன்ஜினியர் அவைக்கென ஒழுங்குசெய்த ஒலி மாறாமல் நிற்கும். காலால் அணைக்கும்போதும் பெடல் டி.ஐ.யாகத் தொடர்ந்து இயங்குவது பெரும் வசதி. ஆனால் ஒலியளவுக்கான லெவல் குமிழ் இயக்கநிலைக்கு மட்டுமே பொருந்துவதால், இயக்கத்துக்கும் அணைப்புக்கும் இடையே ஒலியளவு துள்ளாதபடி நிகழ்ச்சிக்கு முந்திய ஒலிச்சோதனையிலேயே சமப்படுத்திவிட வேண்டும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, 9 வோல்ட் பேட்டரியாலும் அடாப்டராலும், மிக்ஸர் மைக் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரத்தாலும் பெடல் இயங்குகிறது. ஆம்பும் மிக்ஸரும் வெவ்வேறு மின்னிணைப்புகளில் இருக்கும்போது தரையிணைப்பு வளையமாகி ஹம் என்ற முனகல் எழுவது வழக்கம். அதை அறுக்கப் பெடலின் தரைத் தொடர்பைத் துண்டித்தால் ஃபாண்டம் மின்சாரமும் நின்றுவிடும். எனவே ஃபாண்டத்தை மட்டும் நம்பி அடாப்டரை வீட்டில் விட்டுச் செல்லலாகாது.

பெடல் வரிசையில் ட்யூனர் முதலிலும், உரத்த சுரங்களை அடக்கி மெல்லியவற்றோடு நெருங்கச் செய்யும் கம்ப்ரசர் அடுத்தும், சான்ஸ்ஆம்ப் கடைசியிலும் நிற்பது முறை. ஹெல்சிங்கியில் பிறந்த டார்க்கிளாஸ் நிறுவனத்தின் பி7கே இதற்கு நேர்ப் போட்டியாளர்; நடுப்பகுதிக்கு இரண்டு குமிழ்கள் கொண்ட அது நுணுக்கமானது, கனமான மெட்டல் இசைக்கு மேலானது. ஆனால் அதன் கூர்மை மெல்லிசைக்கும் ஜாஸுக்கும் ஒட்டுவதில்லை. ஒரே மாலையில் பல வகைப் பாடல்களுக்கு வாசிக்க வேண்டியவருக்குச் சான்ஸ்ஆம்பின் மிதமான வெதுவெதுப்பே உதவும். தம் ஆம்பிலேயே நல்ல டி.ஐ. வெளிவாய் உள்ளவரும், ஃப்ரெட் இல்லாத பேஸின் நுண்ணிய வழுக்கல்களை மாசின்றிக் கேட்க விரும்புபவரும் இதை வாங்கத் தேவையில்லை. ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட பழைய பதிப்பு மலிவாகக் கிடைக்கிறதென்றால், அதற்கு முன்னால் நடுப்பகுதியை உயர்த்தும் ஈக்வலைசர் பெடல் ஒன்றையும் சேர்த்தே விலை கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்டால் பெரும்பாலும் புதிய பதிப்பே சிக்கனமாகிறது.