'விதை' என்னும் சொல்லின் எல்லை: காப்புரிமை வழக்கொன்றும் அப்ருதக்ஸித்த விசேஷணமும்

பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசல் நிலத்தில் பருத்தி விதைக்கும் உழவர் கடையில் கேட்பது 'பி.டி. விதை'. இச்சொல் குறிப்பது விதையையா, அதனுள் புகுத்தப்பட்ட மரபுக்கூற்றையா என்னும் வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று. விதை விலையில் ஒரு பங்கு அம்மரபுக்கூற்றின் உரிமையாளரைச் சென்றடைந்த காலம் உண்டு.

அவ்வினா நீதிமன்றத்திலும் எழுந்தது. மான்சாண்டோ நிறுவனத்தின் 214436 எண்ணுள்ள இந்தியக் காப்புரிமையில் முதல் 24 கோரிக்கைகள் செய்முறை பற்றியவை. 25 முதல் 27 வரையுள்ளவை நியூக்ளிக் அமில வரிசை பற்றியவை. காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவோ, நுண்ணுயிர் நீங்கலாகத் தாவரங்களையும் அவற்றின் பகுதிகளையும் விதைகளையும் காப்புரிமைக்கு விலக்குகிறது. நுசிவீடு நிறுவனத்துடனான வழக்கில், அக்கோரிக்கைகள் இவ்விலக்கில் அடங்கும் என்று தில்லி உயர்நீதிமன்ற அமர்வு 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. சான்றுகளை ஆராயாமல் இதனை முடிவு செய்தல் பொருந்தாது என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அத்தீர்ப்பை நீக்கி, வழக்கை விசாரணைக்குத் திருப்பியது.

இங்கே எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்திலும் வேதார்த்தஸங்க்ரஹத்திலும் நிர்வஹித்தருளிய சொற்பொருள் நெறி துணை செய்யும். தண்டமும் குண்டலமும் தனித்து நிற்கவல்லவை. ஆகவே அவற்றை உடையவனைச் சொல்ல 'தண்டீ', 'குண்டலீ' என உடைமைப் பொருளுள்ள ப்ரத்யயம் வேண்டும். ஜாதியும் குணமும் அப்ருதக்ஸித்தமாகையால், அவற்றைச் சொல்லும் சொல் ப்ரத்யயம் வேண்டாமலே த்ரவ்யமளவும் சென்று பர்யவஸிக்கும். சரீரவாசகச் சொல் ஆத்மாவளவும் செல்வதும் இந்நெறியாலேயே. மரபுக்கூறு அசேதநமாகையால் அது விதைக்குச் சரீரி ஆகாது. விசேஷணம் என்னும் அளவிலேயே இங்கு ஆராயத்தக்கது.

மரபுக்கூறு விதைக்குக் குண்டலம் போன்றதா, வெண்மை போன்றதா? வெளியிலிருந்து புகுத்தப்பட்டது என்பதால் குண்டலம் போன்றது எனலாம். ஆயின் வந்த வழி வேறு, நிற்கும் நிலை வேறு. குண்டலத்தைக் கழற்றலாம், விதையோடு ஒன்றிய மரபுக்கூற்றை உழவர் கழற்ற இயலாது, அது அடுத்த தலைமுறை விதைக்கும் செல்கிறது. 'பி.டி. விதை' என ப்ரத்யயமின்றி வழங்குவது மட்டும் இதற்குச் சான்றாகாது. தமிழ்த் தொகையில் உருபு மறைந்து நிற்றல் இயல்பு. பொருளின் நிலையே ப்ரமாணம்.

எனினும், பிரியாமை ஒன்றைக் கொண்டே கோரிக்கையை முழுதும் தள்ளுவது ஸித்தாந்தத்திற்கு ஒவ்வாது. விசேஷணம் பிரியாதிருந்தும் விசேஷ்யத்தின் வேறே. 'வெண்மை' எனக் குணத்தைப் பிரித்தெடுத்துச் சொல்லும் நிஷ்கர்ஷக சப்தமும் உண்டு. அது துகிலளவும் செல்லாது. கோரிக்கையிலுள்ள 'நியூக்ளிக் அமில வரிசை' என்பது இத்தகைய சொல்லே. ஆய்வுக்கூடத்தில் தனித்து நிற்கும் வரிசையை அது குறிக்கலாம். அந்நிலையில் 3(ஜே) அதனைத் தடுக்கும் என்பது எளிதில் தேறாது.

ஆனால் ஒரே சொல்லை இரு நிலையிலும் கொள்ள இயலாது. நிஷ்கர்ஷகமாகக் கொண்டால் உரிமை நிலத்தில் விதைத்த விதையைத் தொடாது. விதையளவும் பர்யவஸிப்பதாகக் கொண்டால், சட்டம் பெயர் சொல்லி விலக்கிய பொருளையே கோரியதாகும். உரிமை பெறுகையில் முன்னதையும் விலை வாங்குகையில் பின்னதையும் கொள்வது ஒரு சொல்லுக்கு இரு வ்ருத்தி கற்பிப்பதாகும். அமர்வின் தீர்ப்பு பின்னதை மட்டும் கண்டு முன்னதை விட்டது அதன் குறை. வரிசை எந்நிலையில் எவ்வாறு நிற்கிறது என்பதைச் சான்றால் அறிய வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் முறையே ஏற்புடைத்து.

அவ்விசாரணை முற்றுப்பெறுமுன் 2021-இல் இரு தரப்பும் இணங்கி வழக்கை முடித்துக்கொண்டன. 'விதை' என்னும் சொல் எங்கே பர்யவஸிக்கிறது என்பது தீர்ப்பின்றியே நின்றது. வேப்பந்தட்டைப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தைச் சூழ்ந்த வயல்களில், அடுத்த மரபுக்கூறு வரும் நாளில் அவ்வினாவும் உடன் வரும்.