பாயும் பாவும்: கல்முனைக் கரையோரக் கைவினை பற்றிய ஒரு திறனாய்வு

நன்னூலின் பாயிரத்திலே நூல் என்னும் பெயருக்குக் காரணங் கூறுமிடத்து ஓர் உருவகம் அமைந்துள்ளது. சொல் பஞ்சாகவும், செய்யுள் இழையாகவும், புலவன் நூற்கும் பெண்ணாகவும், அவன் வாய் அவள் கையாகவும், அவன் மதி கதிராகவும் ஆங்கே உருவகிக்கப்படுகின்றன. பா என்னும் சொல் செய்யுளையும் குறிக்கும். தறியில் நெடுக ஓடும் இழைகளையும் குறிக்கும். யாப்பு என்பதோ கட்டுதல் என்னும் பொருளினின்று பிறந்த சொல். புலவனின் தொழிலை விளக்கப் புகுந்த தமிழர் கைவினைப் பெண்ணின் தொழிலையே அளவுகோலாகக் கொண்டனர். ஆயினும் அளக்கப்பட்ட புலவனைப் பற்றி எண்ணிறந்த நூல்கள் எழுந்தன. அளவுகோலாய் நின்ற பெண்ணைப் பற்றித் திறனாய்வாளர் கேட்டது மிகச் சிறிதே. அவள் செய்வது வெறுந் தொழிலா, அன்றிப் படைப்பா? இவ்வினாவுக்கு விடை காண, கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என வடக்கிலிருந்து தெற்காக அமைந்துள்ள ஊர்கள், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் செறிந்து வாழ்வன. கிழக்கே கடல், மேற்கே வயலும் சதுப்பும். முன்னர் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டத்தின் பாற்பட்டது. இக்கரையில் இரு கைவினைகள் பெயர் பெற்றன. ஒன்று மருதமுனையின் கைத்தறி நெசவு. மற்றையது நீர்நிலைகளின் ஓரத்தே வளரும் பன் என்னும் புல்லைக் கொண்டு பெண்கள் இழைக்கும் பாய். மகளுக்கு மணவினையின்போது வீட்டையே சீதனமாக அளிப்பதும், மணமகன் மனைவியின் இல்லத்திற் சென்று வாழ்வதும் இப்பகுதியின் முஸ்லிம்களுக்கும் அவர்தம் அயலவரான இந்துக்களுக்கும் பொதுவான வழக்கம். வீடு பெண்ணின் உடைமையாய் இருக்கும் சமுதாயத்திலே அவ்வீட்டின் தரையை அணிசெய்யும் பொருளும் அவள் கையினின்றே பிறந்தமை இயல்பேயாம்.

பன்பாயின் ஆக்கம் நுணுகி நோக்கத்தக்கது. வெட்டி உலர்த்திய பன்னிலே ஒரு பகுதியைச் சாயமிட்டுக் காயவைத்து, ஏனையதை அதன் இயல்பான வெண்மஞ்சள் நிறத்திலேயே விடுவர். பின்னர்த் தறியுமின்றி, வரைபடமுமின்றி, தரையில் அமர்ந்து கையாலேயே இழைப்பர். எத்தனை இழையை மேலே விடுவது, எத்தனையைக் கீழே அழுத்துவது என்னும் கணக்கே கோலத்தைப் பிறப்பிக்கின்றது. ஈண்டு ஒரு வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். துணியின்மீது பூத்தையல் செய்யும்போது துணி முன்னரே உளது. அழகு பின்னர் வந்து சேர்கின்றது. பாயிலோ கோலத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒன்றுமில்லை. கோலத்தைத் தாங்கும் இழைகளே பாயையும் தாங்குகின்றன. செய்யுளினின்று யாப்பைக் களைந்தால் செய்யுள் இல்லாதொழிவது போன்றதே இது. ஆகவே பாயின் கோலத்தை அலங்காரம் என்று கூறுவது பிழை. அது பாயின் இலக்கணம்.

‘மரபிலே வந்த கட்டங்களையும் கோடுகளையும் திரும்பச் செய்பவளிடம் புதுமை ஏது?’ என வினவுவார் உளர். வெண்பாவின் இலக்கணம் எல்லாப் புலவர்க்கும் பொதுவானது. அதனால் வெண்பாப் பாடிய அனைவரும் ஒரே பாடலைப் பாடினர் என்று எவருங் கூறார். கரை எத்துணை அகலம், இரு நிறங்களுக்கிடையே எவ்வளவு வெறுமை, சாயமிட்ட பன் நடுவழியில் தீர்ந்துவிட்டால் எஞ்சிய பரப்பை எங்ஙனம் நிறைவு செய்வது என்னும் முடிவுகளை மரபு எடுத்துத் தருவதில்லை, இழைப்பவளே எடுக்கின்றாள். அம்முடிவுகளிலேயே அவளது தனித்தன்மை வெளிப்படுகின்றது. புதுமை என்பது மரபைத் துறத்தல் அன்று. மரபு வாய்திறவா இடத்தில் துணிந்து ஒன்றைச் செய்தலே புதுமை.

இவ்வுண்மையைக் கிழக்கிலங்கையின் வாய்மொழிப் பாடல்களைப் பொறுத்தவரையில் அறிஞர் ஏற்றுக்கொண்டுள்ளனர். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ நாட்டுப் பாடல்களுக்கு உரிய மதிப்பை அளித்தது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் முஸ்லிம் மக்களின் கிராமியக் கவிகளைத் தேடித் தொகுத்தார். பெயரறியாப் பெண்கள் பாடிய கவிகள் இன்று இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. கவி பாடிய சமுதாயமே பாயையும் இழைத்தது. வாயின் ஆக்கத்தை இலக்கியம் என்று போற்றியவர், கையின் ஆக்கத்தைக் குடிசைக் கைத்தொழில் என்னும் தலைப்பின்கீழ் ஒதுக்கியது முரண்பாடன்றோ?

இம்முரண்பாடு தமிழருக்கு மட்டும் உரியதன்று. குளிர்நாட்டுப் பெண்கள் பழந்துணித் துண்டுகளைப் பொருத்தி, அடுக்கி, தையலிட்டுச் செய்யும் ஒட்டுத்துணிப் போர்வை, வெப்பநாட்டுப் பாயின் உடன்பிறப்பு எனத் தகும். இரண்டும் துயிலுக்கானவை, இரண்டும் விலைமதிப்பற்றதெனக் கருதப்பட்ட பொருளினின்று உருவானவை, இரண்டிலும் கணக்கே கலை. 1971ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து விற்னி நூதனசாலை அமெரிக்கப் போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டுக் காட்சிப்படுத்தியது. நவீன ஓவியத்துக்கு நிகரானவை என அவை பாராட்டப்பட்டன. ஆயினும் பாராட்டு போர்வைக்குக் கிடைத்ததேயன்றிப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. செய்தவர்களைப் பெயரற்றவராக்கியமையைப் பற்றீசியா மெயினார்டி என்னும் கலை வரலாற்றாளர் 1973ஆம் ஆண்டிலே கடிந்தெழுதினார். 2002ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் பழைய உழைப்பாடைகளைக் கொண்டு தைத்த போர்வைகள் அதே நூதனசாலைக்கு வந்தபோது, ஒவ்வொன்றும் அதனைத் தைத்தவரின் பெயரோடு வைக்கப்பட்டது. இடைப்பட்ட முப்பதாண்டுகளில் போர்வையின் இயல்பு மாறவில்லை. காண்போரின் அறிவே வளர்ந்தது.

அண்டை நாட்டிலும் சான்றுகள் உள. கருநாடகத்தின் காட்டோர ஊர்களில் வாழும் சித்திப் பெண்கள் ‘கவந்தி’ என்னும் போர்வையை ஓரத்தினின்று தொடங்கி நடுவை நோக்கித் தைத்துச் செல்வர். மூலைகளில் மடித்த துணித்துண்டுகளைப் பூவாக வைத்தாலன்றிப் போர்வை நிறைவுபெறாது என்பது அவர் கொள்கை. வங்கப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த ‘காந்தா’வில், பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒன்று குருசதய் தத் திரட்டிய தொகுப்பில் உள்ளது. தந்தைக்காகத் தான் அதனைச் செய்ததாக மானதாசுந்தரி என்னும் பெண் அதன்மேல் தையலாலேயே எழுதிவைத்துள்ளாள். அவ்வொரு வரி இல்லையேல் அதுவும் ‘வங்கத்துப் போர்வை’ என்று மட்டுமே அறியப்பட்டிருக்கும்.

இதனோடு திருநெல்வேலிப் பகுதியின் பத்தமடைப் பாயை ஒப்பிடுதல் தகும். கோரைப்புல்லை நுண்ணிதாகக் கிழித்துத் தறியில் நெய்யப்படும் அப்பாயை ஆக்குவோருள் தமிழ் முஸ்லிம்கள் பலர். மணவினைக்கென நெய்யப்படும் பாயில் மணமகன், மணமகள் பெயர்களைப் பொறிக்கும் வழக்கம் உண்டு. விரிப்போர் பெயர் இழையிலேயே இடம்பெறுகின்றது. நெய்தோர் பெயர் எங்குமில்லை. இலங்கையிலோ பாபரா சன்சோனியின் கைத்தறி வண்ணங்களும் ஏனா டி சில்வாவின் பற்றிக் ஓவியங்களும் அவரவர் பெயராலேயே அறியப்படுகின்றன. அவர்கள் திறமைக்கு அப்புகழ் தக்கதே. ஆனால் கொழும்பில் வண்ணம் வகுப்பவர் கலைஞர், கரையோரத்தில் வண்ணம் வகுப்பவள் தொழிலாளி என்னும் இருவகை அளவை நியாயமாகாது. ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல் கண்டி நாட்டுக் கைவினைஞரைக் கலைஞராகவே மதித்தது. கிழக்குக் கரைக்கும் அத்தகைய நோக்கு வேண்டும்.

கலை என்று ஏற்றுக்கொண்டால், குறை கூறும் கடமையும் உடன் வந்துவிடும். ‘ஏழைப் பெண்ணின் உழைப்பு’ என இரங்கி எல்லாவற்றையும் புகழ்வது மதிப்பன்று. அது மதிப்பிட மறுத்தல். பாயில் எழுத்துகளையும் மலர்க்கொத்துகளையும் கட்டிடங்களையும் இழைக்கும் முயற்சியை எடுத்துக்கொள்வோம். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இழையில் வளைகோடு படிப்படியாக உடைந்தே தோன்றும். அவ்வுடைவை ஓர் அழகாக மாற்றத் தெரிந்த கை அரிது. தும்பறைப் பாய்களில் யானையும் பறவையும் அழகுற அமைவதற்குக் காரணம், அவை உயிருள்ள யானையைப் போலத் தோன்ற முயலாமல் இழையின் கணக்குக்கு உடன்பட்டு நிற்பதே. ஒளிப்படத்தைப் பாயிற் கொணர முயல்வதோ உரைநடையை வலிந்து எதுகையில் அடைப்பது போன்றது. மருதமுனைச் சாரத்தையும் அவ்வாறே மதிப்பிடல் வேண்டும். கடைப்பலகையில் விரித்துக் காணும்போது எழிலுடைய கட்டம், இடுப்பில் உடுத்து மடிப்பு விழும்போது சிதைந்து தோன்றினால் அதன் வகுப்பு முழுமை பெறவில்லை. துயில்வோர்க்குப் பாய், உடுப்போர்க்குச் சாரம். பயனோடு முரணாத அழகே இக்கலைகளின் உரைகல்.

இம்மதிப்பீடு காலந்தாழ்த்தத் தக்கதன்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது உள்ளூர்த் தறிக்குச் சந்தை இருந்தது. 1977இல் தாராளப் பொருளாதாரம் வந்தபின் பிறநாட்டு மலிவுத் துணியோடு அது போட்டியிட நேர்ந்தது. பன்பாய்க்கு எதிரே பிளாத்திக்குப் பாய் வந்து நின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையிலேயே அம்பாறை மாவட்டத்தில் மிகுதியான உயிர்களைக் கவர்ந்தது. மருதமுனையின் தறிகளும் அழிந்தன. தறியை மீண்டும் வாங்கலாம், நூலையும் வாங்கலாம். ஏட்டில் எழுதப்படாது ஒருத்தியின் விரலிலும் நினைவிலும் மட்டுமே வாழ்ந்த கோலம் அவளோடு மறைந்தபின் எவ்விலை கொடுத்தும் பெறற்கரியது. பாட்டைத் தொகுத்தவர் பாயைத் தொகுக்காமையின் இழப்பு எத்தகையதென அந்நாள் உணர்த்திற்று.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. ஒரு பாயைக் கண்டால் அதன் இழைக்கணக்கைக் குறித்தல், கோலத்துக்கு அவ்வூரில் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுதல், இழைத்தவர் இசைந்தால் அவர் பெயரையும் அவர் யாரிடம் கற்றார் என்பதையும் பதிதல் ஆகிய இவையே முதற்பணி. ஏட்டுச் சுவடிக்குப் பாடபேதம் பார்க்கும் பயிற்சி பெற்ற மாணவர்க்கு இது கடினமன்று. ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அக்கைவினையின் நிலத்திலேயே நிற்கின்றது. கண்ணாடிப் பேழையில் ஒரு பன்பாய் வைக்கப்படும்போது அதனருகே ‘பாய், அம்பாறை மாவட்டம்’ என்று மட்டும் எழுதுவது, ஒரு செய்யுளை அச்சிட்டு அதன் கீழே ‘பாட்டு, தமிழ்நாடு’ என்று குறிப்பதற்கு ஒப்பாகும். செய்யுளுக்கு அவ்வாறு குறித்தால் கற்றோர் நகைப்பர். பாய்க்கு அவ்வாறு குறிக்கும்போதும் அந்நகைப்பு எழும் நாளிலேயே தமிழ்த் திறனாய்வு தன் பழைய உருவகத்துக்கு உண்மையாய் நடந்துகொண்டதாகும்.