முதல் பத்தடி

போன மாதம் பெரியம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஓர் ஆற்றோர நடைபாதைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஊர் பெயர் வேண்டாம். புத்தம் புதுப் பாதை. வழவழ தளம், கலர் விளக்கு, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு. சைக்கிளுக்குத் தனியாக நீலக் கோடு வேறு.

வாசலில்தான் வந்தது வினை. இரும்புக் குழாயை வளைத்து நட்டிருந்தார்கள். உடம்பை ஒடுக்கி ஆள் நுழையலாம், நாற்காலி நுழையாது. சைக்கிளைக்கூடத் தூக்கித்தான் போட வேண்டும்.

“பைக்காரங்க உள்ளே வந்துடறாங்க சார், அதான்” என்றார் காவலாளி. அவர் சொல்லி முடிப்பதற்குள், சற்றுத் தள்ளி இடிந்துகிடந்த சுவர் வழியாக ஒரு பைக் ஜம்மென்று உள்ளே போனது!

“விடுடா, இங்கேயே காத்து நல்லாத்தான் வருது” என்றார் பெரியம்மா. எனக்குத்தான் விட மனசில்லை.

இது நம்ம ஊர் வியாதி மட்டுமில்லை. தென்கொரியாவின் சியோலில், மேம்பாலச் சாலைக்கு அடியில் மூடிக் கிடந்த சோங்யேசோன் ஓடையை மீட்டு 2005-ல் திறந்தார்கள். சுமார் 5.8 கிலோமீட்டர் நீரோரம் நடக்கலாம். உலகமே கைதட்டியது. மாற்றுத்திறனாளிகள் மட்டும் எதிர்ப்புக் குரல் கொடுத்தார்கள். ஓடை தெருமட்டத்துக்குக் கீழே ஓடுகிறது. இறங்கப் படிகள் நிறைய, சாய்தளங்கள் குறைவு.

ஏன் இப்படி ஆகிறது? பி.காம். படித்தவன், கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாய்தளம் ஒரு மீட்டர் இறங்க, குறைந்தது 12 மீட்டர் நீளம் வேண்டும். கரையின் உயரம் மூன்று மீட்டர் என்றால் 36 மீட்டர். நடுநடுவே இளைப்பாறச் சமதளம் தனி. அதே உயரத்துக்குப் படி கட்டினால் ஆறு மீட்டரில் காரியம் முடிந்தது. ஆக, சாய்தளத்துக்கான இடத்தை வரைபடத்தின் முதல் நாளே ஒதுக்க வேண்டும். எல்லாம் கட்டிவிட்டுக் கடைசியில் தேடினால் எங்கே கிடைக்கும்? பேருக்குச் செங்குத்தாக ஒரு சரிவு கட்டிப் படம் பிடித்துக்கொள்வார்கள்.

வாசல் கதையும் அதேதான். நாற்காலிக்கு 90 சென்டிமீட்டர் வழி விட்டால் பைக்கும் நுழையுமே என்பீர்கள். நுழையும், வாஸ்தவம். அதைத் தடுக்க வேண்டியது அபராதச் சீட்டு. ஒருத்தன் செய்கிற தப்புக்கு இன்னொருத்தரை வெளியே நிறுத்துவது என்ன நியாயம்? பொது இடம் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பது 2016-லேயே வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். சலுகை இல்லை சார், சட்டம்!

உங்கள் ஊரிலும் ஆற்றோரம் பாதை வரலாம். கலர் படம் காட்டிக் கருத்துக் கேட்பார்கள். விளக்கையும் பூச்செடியையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். “தெருவிலிருந்து இதற்குள் எப்படி வருவது?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.