மண்ணும் வண்ணமும்: சூழலுணர்வுக் கலை பற்றிய ஒரு மதிப்பீடு

மனிதன் முதன்முதலிற் கையிலெடுத்த வண்ணம் மண்ணே. குகைச் சுவரிற் காவிக்கல்லைத் தேய்த்தவன் கலையைப் பற்றி எண்ணினானோ இல்லையோ, தான் மிதித்து நின்ற நிலத்தையே தன் சுவரில் ஏற்றினான். இன்று அதே மண் மீண்டும் ஓவியனின் கைக்கு வந்திருக்கின்றது. ஐக்கிய நாடுகள் சபை 2015ஆம் ஆண்டைச் சர்வதேச மண் ஆண்டாகப் பிரகடனஞ் செய்தது. திசெம்பர் 5ஆம் திகதி உலக மண் தினமாக அனுட்டிக்கப்படுகின்றது. இச்சூழலில், மண்ணைக் குழைத்து ஓவியந் தீட்டுதல் இயற்கையைப் பேணும் உணர்வை வளர்க்கும் என்ற கருத்துப் பல நாடுகளிலும் வலுப்பெற்று வருகின்றது. கருத்து நல்லதே. எனினும், மண்ணால் வரையப்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஓவியம் மண்ணைப் பற்றிய உணர்வைத் தந்துவிடுமா என்ற வினா விடுக்கப்பட வேண்டியதாகும்.

சிகிரியா ஓவியங்கள் இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க இடமாகும். 5ஆம் நூற்றாண்டில், காசியப்பன் காலத்தில் எழுந்த இவ்வோவியங்களிற் செம்மண்ணின் சிவப்பும் மஞ்சட் காவியும் பச்சை மண்ணின் நிறமுமே மேலோங்கி நிற்கின்றன. நீலம் அநேகமாக இல்லை. அசந்தாவிலோ ஆப்கானிஸ்தானத்திலிருந்து கொண்டுவரப்பட்ட நீலக்கல்லைப் பொடித்து நீல நிறம் பெற்றனர். அசந்தாவின் நீலம் தொலைதேச வணிகத்தைச் சொல்கின்றது. சிகிரியாவின் சிவப்போ நிலத்தைச் சொல்கின்றது. ஓவியனின் வண்ணத் தொகுதி அவன் வாழ்ந்த நிலத்தின் வரைபடமாகவும் அமைய முடியும் என்பது இதனாற் பெறப்படும். 1967ஆம் ஆண்டில் விஷமிகள் சிலர் இவ்வோவியங்களிற் பச்சைச் சாயத்தை அள்ளிப் பூசியமை யாவரும் அறிந்ததே. பதினைந்து நூற்றாண்டுகள் வெயிலையும் மழைக்காற்றையுந் தாங்கி நின்ற மண்ணின் மீது, கடைச் சாயம் ஓரிரவிற் படிந்தது.

மண்ணையும் கலையையும் ஒருசேரக் கற்ற ஈழத்தவர் ஆனந்த குமாரசுவாமி ஆவார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராக விளங்கிய அவர், நாட்டின் பாறைகளைத் தேடிச் சென்ற வழியிலேயே கிராமக் கைவினைஞரையுங் கண்டார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் அவர் வெளியிட்ட பெருநூல் இவ்விரு தேடல்களின் விளைவெனலாம். கண்டிய ஓவியர் கையாண்ட வெண்களி, சாதிலிங்கம், அரிதாரம் முதலிய வண்ணப் பொருள்களை அந்நூல் விவரிக்கின்றது. இங்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. சாதிலிங்கம் இரசத்தைக் கொண்டது. அரிதாரம் பாடாணத்தைக் கொண்டது. இரண்டும் பூமியிற் கிடைக்கும் பொருள்களே, இரண்டும் நஞ்சே. கூத்தர் முகத்திற் பூசிய ஒப்பனைக்கே அரிதாரம் என்ற பெயர் நிலைத்துவிட்டதை நோக்குமிடத்து, இயற்கையானது யாவும் தீங்கற்றது என்ற எளிய நம்பிக்கை எவ்வளவு பேதைமை என்பது புலனாகும்.

அவ்வாறாயின் மண்ணோவியத்தின் பயன் யாது? அது படத்தில் அன்று, படத்திற்கு முந்திய உழைப்பிலேயே தங்கியுள்ளது. மண்ணை இடித்து நீரிற் கரைக்கும்போது முதலில் மணல் அடியிற் படிகின்றது. அடுத்து வண்டல் படிகின்றது. நுண்ணிய களி நெடுநேரம் நீரில் மிதந்து நிற்கின்றது. அக்கலங்கல் நீரை வேறாக வடித்துத் தெளியவிட்டு, அடியிற் படிந்ததை உலர்த்தி அரைத்து, விளாம்பிசினோ புளியங்கொட்டைப் பசையோ சேர்த்தால் வண்ணம் ஆயத்தமாகின்றது. விவசாய விஞ்ஞானி ஒரு வயலின் மண்ணிலே மணல் எத்துணை, களி எத்துணை என்று அறிவதற்குச் செய்யும் எளிய சோதனையும் இதுவேயன்றோ! மஞ்சள் மண்ணைச் சுட்டால் அது சிவப்பாகின்றது. நீரைத் தன்னுட் கொண்டிருந்த இரும்புச் சேர்வை அந்நீரை இழப்பதே காரணம். வண்ணத்தை ஆக்கும் மாணவன் தன் நிலத்தின் இயல்பைக் கையாற் கற்றுக்கொள்கின்றான். விலைக்கு வாங்கிய பொட்டலத்தில் வரும் மண்தூள் இக்கல்வியைத் தருவதில்லை. அது மற்றுமொரு சாயமே.

இவ்வளவுகோலைக் கொண்டு தற்காலக் கலைஞர் சிலரை அளந்து பார்க்கலாம். ஒல்லாந்தரான ஹேர்மன் டி விரீஸ் உலகின் பல பாகங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான மண் மாதிரிகளைத் திரட்டினார். ஒவ்வொன்றையுந் தாளிலே தேய்த்து, அது எடுக்கப்பட்ட இடத்துடன் சேர்த்துக் காட்சிக்கு வைத்தார். உருவமோ கதையோ அவற்றில் இல்லை. ஆயினும் நிறத்தோடு ஊர்ப்பெயரும் நிற்பதனால், பார்ப்பவன் தன் ஊர் மண்ணின் நிறம் யாதெனத் தன்னையே கேட்கின்றான். மராட்டிய மாநிலத்து வார்லி மக்களின் ஓவியம் வேறொரு பாடத்தைத் தருகின்றது. சாணமுங் காவியும் பூசிய சுவரில், அரிசிமாக் குழம்பினாற் பெண்கள் திருமணத்தின்போது வரைந்த சடங்கோவியம் அது. 1970களின் பின்னர், ஜிவ்யா சோமா மாஷே போன்றோரின் ஆற்றலால் அது தாளுக்கும் துணிக்கும் பெயர்ந்து உலகப் புகழ் பெற்றது. அப்புகழ் மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அதே உருவங்கள் இன்று தேநீர்க் கோப்பையிலும் சேலைக் கரையிலும் அச்சாகும்போது சுவரும் இல்லை, சாணமும் இல்லை, சடங்கும் இல்லை. உருவம் பயணஞ் செய்தது, மண் பின்தங்கிவிட்டது.

இதில் ஒரு சமூக அநீதியும் மறைந்து கிடக்கின்றது. வீட்டுத் திண்ணையை மெழுகிய பெண்ணும், களியின் பதத்தை விரல் நுனியால் அறிந்த குயவனும் கலைஞர் எனப்படவில்லை. அதே மண்ணை நகரத்து ஓவியன் சட்டத்துக்குள் வைத்தால் அது கலையாகின்றது. மண்ணறிவு உடையோரை மறந்து மண்ணை மட்டும் போற்றும் கலை, சூழலுணர்வின் பாதியையே பேசுகின்றது.

இக்கருத்துகள் ஆலையடிவேம்பு போன்றதொரு கரையோரப் பிரதேசத்திற் பொருத்திப் பார்க்கத்தக்கன. கிழக்கே கடலும் வெண்மணலும். மேற்கே நெல்வயல்களும் அவற்றின் சாம்பல் நிறக் களியும். அதற்கும் அப்பாற் செந்நிறக் கிரவல் நிலம். கடற்கரையிலிருந்து உள்நோக்கி நடப்பவன் சில மைல்களுக்குள்ளேயே ஓர் ஓவியனுக்கு வேண்டிய வண்ணங்களைக் கண்டுவிடலாம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், தமிழர் பட்டிப்பளை ஆறு என வழங்கும் ஆற்றின் நீரைத் தேக்கி இம்மாவட்டத்தின் வயல்நிலத்தைப் பெருக்கியது. இன்றோ அக்கரைப்பற்று, கல்முனை முதலான நெருங்கிய ஊர்களில் வீட்டு நிலம் அருகி வருவதனால், வயல்கள் கிரவல் இட்டு நிரப்பப்படுகின்றன. ஒரு மண் தோண்டப்படுகின்றது; மற்றொரு மண் அதன் கீழே புதைக்கப்படுகின்றது. இரண்டும் இழப்பே. இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மேல்மண் உருவாக ஆயிரம் ஆண்டுகள் வரை செல்லலாம் என்பர். அதனைப் புதைப்பதற்கு ஒரு பகற்பொழுது போதும்.

இப்பிரதேசத்துப் பாடசாலை மாணவர் கிரவலின் சிவப்பைக் கொண்டு ஒரு சூரியோதயத்தை வரைவார்களாயின் அழகான படமொன்று கிடைக்கும், அவ்வளவே. அச்சிவப்பு எந்தக் குழியிலிருந்து வந்தது, அதன் அடியிற் கிடக்கும் சாம்பல் நிறம் எவருடைய வயலாக இருந்தது என்பவற்றை அவர்கள் கேட்டறிந்து வரைவார்களாயின், அப்படம் ஊரின் சாட்சியமாகிவிடும். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே நீரில் இரு ஊர்களின் மண்ணைக் கரைத்தால், அடியிற் படியும் மணலைப் பிரித்தறிய எவராலும் இயலாது. அதுவும் ஒரு கல்வியே.

ஓவியம் தீட்டுவதால் மண் ஏற்றிய லொறி நின்றுவிடுமா என்று சிலர் வினவலாம். நின்றுவிடாது. கலையின்மேல் அத்தகைய பாரத்தை ஏற்றுவது முறையுமன்று. ஆனாற் சட்டத்தினால் மட்டும் மண்ணுணர்வு பிறந்துவிடும் என்பதும் மெய்யன்று. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டதும், உழவரின் எதிர்ப்புக்கும் விளைச்சல் வீழ்ச்சிக்கும் நடுவே அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டதும் இந்நாடு கண்ட பாடமாகும். உழவனோடு பேசாமல், அவன் நிலத்தின் இயல்பை அறியாமல், மேலிருந்து இடப்பட்ட கட்டளை மண்ணையுங் காக்கவில்லை, மனிதனையுங் காக்கவில்லை.

கட்டளைக்கு முன்னே அறிவும், அறிவுக்கு முன்னே தொட்டுணர்தலும் வேண்டும். மண்ணோவியம் அந்தத் தொட்டுணர்தலுக்கு வழிசெய்யுமளவிலேயே அதன் பெருமை அமைகின்றது. எனவே இத்தகைய ஓவியமொன்றின் முன் நிற்கும் விமரிசகன், அது அழகாக உள்ளதா என்று கேட்பதோடு அமையலாகாது. இம்மண் எங்கேயது, அந்த இடம் இன்று எவ்வாறுள்ளது என்றுங் கேட்டல் வேண்டும். இவ்வினாக்களுக்கு விடைசொல்ல இயலாத ஓவியம், மண்ணாற் செய்யப்பட்டிருப்பினும் மண்ணைச் சேர்ந்ததன்று.