ஆசாரக்கோவையும் தஹாரத்தும்

நாயுடுபுரத்தின் மார்கழி விடியலில் குழாய்நீரில் கை வைத்தவர்கள் ஒளுவின் அருமையை அறிவார்கள். அத்தகைய சிரமத்திலும் உறுப்புகளை நிறைவாகக் கழுவுவோருக்குத் தரம் உயர்கிறது என்பது நாயகம் (ஸல்) அவர்களின் நற்செய்தி. குளிரால் உயிருக்கு ஊறு வரும் என்று அஞ்சுவோருக்குத் தயம்மும் என்ற சலுகையும் உண்டு. இவ்விரண்டையும் எண்ணியவாறே, பதினெண் கீழ்க்கணக்கில் ஒன்றான ஆசாரக்கோவையை அண்மையில் மீண்டும் படித்தோம்.

பெருவாயின் முள்ளியார் இயற்றிய அந்நூல், தமிழர் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கங்களை நூறு வெண்பாக்களில் தொகுத்துரைக்கிறது. விடியலில் குச்சியால் பல் துலக்கிக் கண் கழுவ வேண்டும் என்கிறது. நமக்கு மிஸ்வாக்கு நினைவுக்கு வருகிறது. வழியிலும் நிழலிலும் நீர்த்துறையிலும் மலசலம் கழிக்கலாகாது என்கிறது. இம்மூன்றையும் நபிமொழியும் சாபத்திற்குரிய செயல்களாக எச்சரிக்கிறது. பிறருக்குப் பயன்படும் இடத்தைக் கெடுப்பது அறமன்று என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. நகம், மீசை, அக்குள் முதலியவற்றைக் களைவதை இயற்கை நெறி என்று கூறி, நாற்பது நாளுக்கு மேல் விட்டுவைக்கலாகாது என எல்லை வகுத்தது நம் மார்க்கம். இத்தகைய நுணுக்கத்தில் நம் ஃபிக்ஹு நூல்களுக்கும் அந்நூலுக்கும் உள்ள உறவு வியப்பளிக்கிறது.

ஆனால், நீராட வேண்டிய பத்துச் சமயங்களை அது எண்ணும் இடத்தில் நாம் நின்றுவிட்டோம். உறவுக்குப் பின் நீராடுதல் அதில் உண்டு. அது நமக்கும் கடமையே. கீழ்மக்கள் மெய்யில் பட்டாலும் நீராட வேண்டும் என்று அப்பட்டியல் சொல்கிறது. மாதவிலக்கின் மூன்று நாளும் மனைவியைக் கணவன் நோக்கவும் கூடாது என்று பிறிதோரிடத்தில் விதிக்கிறது. இங்கேதான் இரு நெறிகளும் பிரிகின்றன.

குளிப்பு கடமையான நிலையில் நாயகத்தைச் சந்திக்க நாணி விலகிச் சென்ற அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு, இறைநம்பிக்கையாளன் அசுத்தமாவதில்லை என்றே விடை கிடைத்தது. விலக்கு நாளில் ஆயிஷா (ரலி) அவர்கள் வாய் வைத்துப் பருகிய இடத்திலேயே நாயகமும் வாய் வைத்துப் பருகினார்கள். மனிதன் குடித்து மிஞ்சிய நீர், அவன் எம்மதத்தவனாயினும், தூயதே என்பது ஹனஃபி, ஷாஃபி ஆகிய இரு மத்ஹபுகளின் முடிவு. தஹாரத் என்னும் பாடத்தில் அழுக்கு உண்டு, தொடக்கு உண்டு. தீண்டத்தகாத மனிதன் மட்டும் இல்லை.

பழைய நூலின் குறையைச் சுட்டுவது எளிது. அது தன் காலத்தின் கண்ணாடி. நம் இல்லங்களின் நிலை என்ன? விலக்கு நாளில் பெண்மக்களுக்குத் தனித்தட்டு ஒதுக்கும் வீடுகள் நம்மிடையே இல்லையா? வேலைக்கு வருவோருக்கென்று தனிக்குவளையை மாடத்தில் கவிழ்த்து வைப்போர் இல்லையா? ஒளுவின் ஃபர்ளுகளைப் பிழையின்றி ஒப்பிக்கும் சிறுவன் அந்தக் குவளையையும் பார்த்துத்தான் வளர்கிறான். அவன் உள்ளத்தில் நிலைப்பது ஆசாரக்கோவையின் அந்த ஒரு வரியே, நாம் கற்பித்த கிதாபு அன்று.

ஆகவே தஹாரத் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் பெற்றோர்களும், எவை அசுத்தம் என்பதோடு எவர் அசுத்தமல்லர் என்பதையும் சேர்த்தே சொல்லித் தர வேண்டும். குளிர்ந்த நீரைத் தாங்கும் கைகள் அந்தக் குவளையை நிமிர்த்தி வைக்கவும் துணியட்டும். அல்லாஹ் அதற்கு அருள் புரிவானாக!